உன் பெடல் செட்டைக் கழற்றினேன்

மூன்று நாளாகச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், விரலை விட்டு இந்த நாற்றம் போகவில்லை. மண்ணெண்ணெய், ஏரிச்சேறு, பழைய கிரீஸ், மூன்றும் சேர்ந்த நாற்றம். சோற்றில் கை வைத்தால் நீதான் வந்து எதிரே உட்காருகிறாய். சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. போதுமாடா உனக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்தாள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் முறை. பைக்குள் உன் படகின் பெடல் செட் இருந்தது.

"அண்ணா, கையால அமுக்கிக்கூட பாத்துட்டேன், அசையவே மாட்டேங்குது. நீங்கதான் சரி பண்ணிக் குடுக்கணும். ஒரே ஒரு தபா அதுல போய்ப் பாக்கணும்ணா. உசுரோட இருந்தப்ப வாரா வாரம் கூப்டுவாரு. தொவைக்கணும், தண்ணி புடிக்கணும்னு நான்தான் சொல்லிக்கினே இருந்துட்டேன்."

"அதுக்கென்னம்மா, பண்ணிடலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்னால்?

அது என்ன படகு என்று நம்மால் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. நம் ஆலையில் புது மெஷினை நிறுவிக்கொடுக்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர், மெஷின் வந்த கன்டெய்னரிலேயே தன் கயாக்கையும் போட்டு எடுத்து வந்திருந்தார். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் நீளமான பிளாஸ்டிக் படகு. காற்று அடித்தால் பாய், அடிக்காவிட்டால் கால். பெடலை மிதித்தால் அடியில் இரண்டு துடுப்பும் கத்தரிக்கோல் போல் மாறி மாறி வீசும். அவருக்கு நீ இரண்டு முறை பாய்க்கம்பத்தைச் சரிசெய்து கொடுத்தாய். ஊர் திரும்பும்போது அதை உன்னிடமே விட்டுவிட்டுப் போனார். கும்மிடிப்பூண்டியில் அட்டைப்பெட்டி ஆலை ஃபிட்டருக்குப் பாய்மரக் கயாக்! குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுண்ணாம்புகுளம் பக்கம் உப்புத்தண்ணீர் ஏரிக்குப் போனால், வழியில் பார்த்தவர்கள் தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டார்கள்.

முதல் முறை பெடல் சிக்கிக்கொண்டதற்கு நான்தான் காரணம். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் கிரீஸ் வைக்க வேண்டும் என்று நம் ஆலையில் இருபது வருஷமாகக் கைக்குப் பழக்கம். உனக்குத் தெரியாமல் செட்டுக்குள் ஒரு கைப்பிடி கிரீஸை அப்பிவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு. கரையில் இழுக்கும்போது ஏறிய மணலையெல்லாம் கிரீஸ் பிடித்துவைத்துக்கொண்டது. நடு ஏரியில் பெடல் இறுகிப்போனது. காற்றும் இல்லை, பாய் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பெடலில் கால் வைத்தபடியே இருந்தேன். நீ திரும்பி என் காலைப் பார்த்தாய்.

"கால எட்றா. ரெண்டு காலையும் வெளிய தொங்கவுடு."

"அதான் அசையலியே, இன்னா ஆயிடும்?"

"இப்ப அசையல. நான் சிக்க எடுத்ததும் அசையும். என் வெரலு அப்ப உள்ள இருக்கும். மெறிக்கிறவன் நல்லவனா கெட்டவனான்னு துடுப்புக்குத் தெரியாது நைனா."

நான் காலை எடுத்த பிறகும் நீ கை வைக்கவில்லை. செட்டை முழுதாக வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் விரலை உள்ளே விட்டாய். கிரீஸைத் தொட்டு முகர்ந்ததும் ஆரம்பித்தாய் பாட்டு. "இத்த இன்னா பேரிங்னு நெனச்சியா? மண்ணு தின்ற எடத்துல போயி கிரீஸு வெச்சிருக்கியே, பேஜாருடா உன்னோட." நான் சிரித்தேன். அதன்பிறகு நீ அதற்கு மெழுகுதான் தேய்த்தாய். ஈஸ்டருக்கு ஏற்றி மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகளைச் சட்டைப் பையில் வைத்திருப்பாய். ஒவ்வொரு முறையும் கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகு தேய்த்த பிறகுதான் கோணியில் சுற்றுவாய்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுவவில்லை. ஆள் வரவில்லை, உடனே ஷிப்டுக்கு வா என்று கரையிலிருந்தே உன்னை இழுத்துக்கொண்டு போனது நான். சூப்பர்வைசர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாத புது மிடுக்கு. உப்புத் தண்ணீரோடு கோணியில் சுற்றி வைத்தாய். அப்புறம் நாலாவது நாள்.

அந்த நாலாவது நாளை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

காலையிலிருந்து மூன்று தடவை உருளையில் அட்டை சிக்கியது. மூன்று தடவையும் நீ பேனலில் மெயினை அணைத்து, வேறு யாரும் போட முடியாதபடி உன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கை வைத்தாய். கை வைக்கிறவன் பூட்டு, கை வைக்கிறவன் சாவி, அதுதான் ஆலை முறை. ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போனது. வாசலில் லாரி நின்றது. மேனேஜர் போனில் என்னைக் கிழித்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை நீ பூட்டை எடுத்தபோது நான் உன் கையைப் பிடித்தேன்.

"பூட்டுலாம் வேணாம்டா. ரெண்டு நிமிஷ வேலை. நான் பேனலாண்ட நிக்கிறேன். என்னிய நம்ப மாட்டியா?"

நீ என்னைப் பார்த்தாய். மெயினை மட்டும் அணைத்து, பூட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய்.

ஏன்டா கொடுத்தாய்? நான் சொன்ன எதை நீ கேட்டிருக்கிறாய்? டீக்கடையில்கூட நான் காபி சொன்னால் நீ டீ சொல்கிற ஆள். அன்றைக்கு மட்டும் எதற்கு என் பேச்சைக் கேட்டாய்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் தீரவில்லை.

மறுபடி மேனேஜர் போன். பக்கத்து மெஷின்களின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கதவுவரை நடந்தேன். இருபது அடி இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்த ஆபரேட்டர் பேனலைப் பார்த்தான். பூட்டு இல்லை. மெஷினின் அந்தக் கோடியில் நீ குனிந்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. மெயினைப் போட்டு ஓட்டிவிட்டான். பூட்டு இல்லாவிட்டால் ஓட்டலாம் என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவன்மேல் தப்பு இல்லை. உன் பூட்டு அப்போது என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

மறுநாள் ஆபீஸில் விபத்து அறிக்கை என்று ஒரு காகிதத்தை டைப் அடித்து நீட்டினார்கள். 'பூட்டுப் போடாமல் கவனக்குறைவாகக் கை வைத்ததால்' என்று அதில் இருந்தது. பூட்டுப் போடவில்லை என்பது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். உன் அடக்கத்துக்கு வந்து நீ கிடந்த பெட்டிக்குத் தோளும் கொடுத்தேன். எப்படிப்பட்ட மனுஷன் பார் நான்.

செட்டைக் கழற்ற மூன்று சாயங்காலம் ஆனது. சங்கிலி துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஊசியால் மணலை ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்தேன். துடுப்புத் தண்டில் நைலான் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. அதை அறுத்து உருவினேன். உள்ளே ஆழத்தில், நீ எவ்வளவு வழித்தும் போகாத என் கிரீஸ் கொஞ்சம் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோணியின் அடியில் உன் மெழுகுவத்தித் துண்டும் இருந்தது. அதைத்தான் தேய்த்தேன். பெடல் அசைந்தபோது சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

நேற்றுக் காலை ஏரிக்குப் போனோம். உன் மனைவியைப் பெடல் இருக்கையில் உட்காரவைத்து, நான் முன்னால் உட்கார்ந்தேன். நன்றாக மிதித்தாள். கரை சின்னதாகிப்போனது. அப்புறம் கேட்டாள்.

"அண்ணா, ஊட்ல மிக்ஸி கழுவுறதுக்கே பிளக்கப் புடுங்கி அக்குள்ல வெச்சிக்கினு கழுவுற மனுஷன். பூட்டு போடாம கை வெச்சாருன்னு நீங்க கையெழுத்து போட்டுக்கிறீங்க. எட்டு மாசமா யோசிச்சிக்கினே கீறேன். அது எப்படிண்ணா?"

இதற்காகத்தான் அந்தக் கோணியை எனக்குக் கொடுத்திருக்கிறாள். தண்ணீர் நடுவில் எழுந்து போக எனக்கு இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, போன், இருபது அடி, கையெழுத்து. திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள். கொஞ்ச தூரத்தில் துடுப்பில் ஏதோ வலைத்துண்டு மாட்டி, பெடல் டக்கென்று நின்றது. பாய்க்கும் காற்று இல்லை. பின்பக்கம் திரும்பி, பெடல் செட் இறங்கியிருக்கும் பள்ளத்துக்குள் கையை விட்டேன். அவளுடைய இரண்டு காலும் பெடல்மேல் இருந்தன. பார்த்துக்கொண்டேதான் விட்டேன். காலை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று இருந்தது.

அவள் கால்களை எடுத்து வெளியே தொங்கவிட்டாள்.

"செட்ட வெளிய எடுத்துட்டு கை வைங்கண்ணா" என்றாள். "யாரு காலையும் நம்பாதீங்க. என் காலையும் நம்பாதீங்க."

வெளியே எடுத்தேன். மடியில் வைத்துச் சிக்கை அறுத்தேன். இரண்டு தடவை கத்தி நழுவியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கரைக்கு வந்ததும், "என்னாண்ட சொன்னது பத்தாது. அவரு கவனம் இல்லாத ஆளுன்னு அந்தப் பேப்பர்ல கீது. அத்த மாத்திட்டு அப்புறமா என் மூஞ்சில முழிங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து உன் செட்டை அவளே கழுவினாள். நான் தொடப் போனபோது கையைத் தள்ளிவிட்டாள்.

இன்று காலை எழுதிவிட்டேன். பூட்டு வேண்டாம் என்று சொன்னவன் நான், பேனலை விட்டு நகர்ந்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து மணிக்கு ஆபீஸில் கொடுக்க வேண்டும். உன் பெயரின் முதலெழுத்தை வெள்ளைப் பெயின்டால் நீ எழுதிய அந்தச் சிவப்புப் பூட்டையும் அதோடு மேஜையில் வைக்கப் போகிறேன். எட்டு மாதமாகத் தினமும் ஷிப்டுக்கு அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் போய் வந்தேன், ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. அன்றைக்கு நீ நீட்டியபோது, வேண்டாம், நீயே போட்டுக்கோ என்று நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.