அடிப்பிடித்த ஜோலோஃப் சோறு

ஜோகுபாளையம், பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் நரேஷுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் அபேனாவும் வயிற்றுப் பிள்ளையும் அக்ராவில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று முழுதாக எழுதக் கை வரவில்லை, பாதி நலம் என்று வைத்துக்கொள். சிக்குன்குனியா காய்ச்சல் விட்டும் அம்மாவுக்கு மூட்டு வலி விடவில்லை, ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சமையல், பாத்திரம், தண்ணீர் வரும் நாளில் டிரம் நிரப்புவது எல்லாம் என் தலையில். அத்திபெலேயிலிருந்து உன் அக்கா ஷோபா ஞாயிறானால் வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போகிறாள், பாவம், அவளுக்கும் வேலை, பிள்ளைகள். எனக்கு அலுத்துவிட்டதுடா. போனில் பேசினால் இங்கே உன் அம்மா காது, அங்கே பக்கத்தில் அபேனா, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஷோபா போட்டோ பிடித்து அனுப்புவாள்.

அபேனாவுக்குத் தாய் இல்லை, பிரசவத்துக்கு அத்தை வரவேண்டும் என்று அவள் கேட்டதும், அம்மா முடியாது என்றதும் உனக்குத் தெரியும். ஆப்பிரிக்காவில் அந்த நாட்டுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமாம், எனக்கு ஊசி ஆகாது என்றாள். சிக்குன்குனியா வருவதற்கு முன்பே அதைத்தான் சொன்னாள். போன வருடம் நீங்கள் வந்துபோனதிலிருந்து உன்னோடு பேசுவாள், அபேனா குரல் கேட்டால் போனை என் கையில் திணித்துவிடுவாள். என்ன காரணம் என்று நீ என்னைக் கேட்டாய், நான் அவளைக் கேட்டேன், இரண்டு பேரும் ஓய்ந்துபோனோம்.

இந்த வாரம் கஞ்சி, ரசம் எதுவும் அவள் வாய்க்குப் பிடிக்கவில்லை. அபேனா இங்கே வந்தபோது செய்தாளே அந்தச் சிவப்புச் சோறு, ஜோலோஃப் என்றாளே, அதைச் செய்து பார்ப்போம் என்று போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்து அவளையே கேட்டுக் கேட்டுச் செய்தேன். தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், மிளகாய் அரைத்து எண்ணெய் பிரிய வதக்கி, அரிசி போட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடிச் சின்னத் தீயில் வைக்க வேண்டும், கிளறக் கூடாது. என் கை அதன்பாட்டுக்கு எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டது, அவள் சிரித்தாள். நடுவில் அம்மா கூப்பிட்டாள் என்று போய் வருவதற்குள் அடிப்பிடித்து வாசம் கிளம்பிவிட்டது. திருடன் மாதிரி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அபேனாவோ அதற்குள் பார்த்துவிட்டுக் கை தட்டுகிறாள். அதுதான் ருசியே, அதற்கு எங்கள் வீட்டில் சண்டை வரும், என் அம்மா பெரியவர்களுக்குத்தான் அதை முதலில் எடுத்து வைப்பாள், நானும் அன்று முழுவதையும் அத்தை தட்டில்தானே போட்டேன் என்றாள். என் அரைகுறை இங்கிலீஷில் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீயும் அன்று பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அப்போதுதான் சொன்னாள், "எல்லார் தட்டுலயும் நல்ல சோத்தப் போட்டா, எனக்கு மட்டும் கரிஞ்சத சுரண்டிப் போட்டா. உங்கம்மா இருந்த வரைக்கும் எல்லாரும் தின்ன பின்னாடி அதத்தான நான் தின்னேன். மருமக கையாலயும் அதானான்னு நெனச்சேன்." அந்த அடிச் சோற்றைக் கொண்டு வரச் சொன்னாள். விரல் மடங்காததால் நானே ஊட்டினேன், கடுகு எதுக்குப் போட்டீங்க என்று திட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். கண்ணைத் துடைக்கவும் கை வராமல் தோளில் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் தானாகவே, அந்த ஊசி எங்க போடறாங்கன்னு விசாரிங்க என்றாள். வலி குறையட்டும், டாக்டரைக் கேட்டுப் போடுவோம்.

அபேனாவிடம் இதைச் சொல்லிவிடாதே, அந்தப் பெண் மனசு நொந்துபோகும். கனமானது எதையும் தூக்க விடாதே. நீயும் வெயிலில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, நாங்கள் வந்ததும் ஒருநாள் அந்தச் சோறு ஆக்கச் சொல். அடியைச் சுரண்டி முதலில் அம்மா தட்டிலேயே போடச் சொல்.

உன் அப்பா,
கோவிந்தப்பா