பையை விட ஒரு சாண் நீளம்

ஞாயிறு.

இதனால் புதுச்சேரி மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இன்று ஒரு ஜோடி ஃபின்ஸ் வந்து சேர்ந்தது. மூச்சடக்கிக் கடலில் முங்குபவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் நீளத் துடுப்பு. அக்காவுக்காகத் தேர்ந்தெடுத்தது நான். கார்பனில் செய்தது எடையே தெரியாது, ஆனால் பாறையில் இடித்தால் உடையும். பிளாஸ்டிக் உழைக்கும், சுமக்க முதுகு தாங்காது. ஃபைபர் கிளாஸ்தான் சரி என்று ஒரு வாரம் வகுப்பெடுத்தேன். இந்த ஊரில் என்னைப் போல ஃபின்ஸ் தெரிந்தவன் கிடையாது.

அக்கா நாளைக்கு அந்தமான் போகிறாள். முதுகுப் பையோடு தீவு தீவாகச் சுற்றப்போகிறாள். எப்போது வருவாய் என்றால் சிரிக்கிறாள்.

சாயங்காலம் ஃபின்ஸைப் பைக்குள் வைத்தாள். ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"பைய அளந்துதானடா சொன்ன?"

"அளந்தேன்கா. பைக்கு இப்பதான் வால் மொளைச்சிருக்கு."

"வீட்ல ஒரு வால் இருக்கறது பத்தாதா? சரி, வெளிய கட்டிக்கிறேன். கயித்த எடு."

முடிச்சை என்னையே போடச் சொன்னாள். இறுக்கமாகத்தான் போட்டேன்.

அளவில் நான் தவறவில்லை. டேப் வைத்து இரண்டு முறை அளந்துதான் நீளமானதைச் சொன்னேன். பையில் அடங்காவிட்டால் போகமாட்டாள் என்று நினைத்துவிட்டேன்.