குப்பைமேட்டுத் தண்ணீரும் என் நுண்ணுயிர்ப் படையும்

மார்ச் 4
மழை. குப்பைமேட்டிலிருந்து கசிகிற தண்ணீர் இன்று சோயா சாஸ் நிறம். நாற்றம் என் தலைமுடி வரை ஏறிவிட்டது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். போகட்டும், எனக்கு இரண்டு இருக்கை.

மார்ச் 9
சோயாக் கட்டி செய்யும் தோஃபு கடையில் மிஞ்சும் நீரில்தான் என் நுண்ணுயிர்களை வளர்க்கிறேன். அவை சுரக்கும் கொழகொழப்பு அழுக்கைத் திரட்டி அடியில் உட்கார வைக்கும். சுத்திகரிப்பு நிலைய மேலாளர் யூவுக்கு நம்பிக்கையில்லை. "வெள்ளைப் பொடி போட்டே இத்தன வருஷம் தண்ணியத் தெளிய வெச்சாச்சு. வெள்ளிக்கிழமை செஞ்சு காட்டு ஷியூலான். தெளியலேன்னா உன் பீப்பாயெல்லாம் சாக்கடைக்குத்தான்."

மூன்று வருட உழைப்பு. சாக்கடைக்காம்!

மார்ச் 13
ஜெயித்துவிட்டேன்! எல்லோர் முன்னாலும் தண்ணீர் வெளிறித் தேநீர் நிறத்துக்கு வந்தது. யூ தலையாட்டினார்.

ஆனால் — அடியில் படிந்தது ஏன் அத்தனை வெள்ளை? என் கசடு பழுப்பாக அல்லவா இருக்கும்?

மார்ச் 14
தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பாங் அண்ணனைப் பிடித்தேன். சூரியகாந்தி விதை கொறித்தபடி மழுப்பினார். அப்புறம், "ஒரு கரண்டி அந்த வெள்ளைப் பொடியப் போட்டேன்மா. அத்தன பேரு முன்னாடி நீ தலகுனிஞ்சு நிக்கக் கூடாதுல்ல?"

"என் மானத்தக் காப்பாத்த என் வேலையக் கொன்னுட்டீங்களேண்ணே!"

கத்திட்டேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. பாவம். ஆனா நான் என்ன பண்ண? வாயை மூடிட்டு இருந்துரலாமா? யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியுமே.

மார்ச் 16
சோதனையில் பிசகு, மறுபடி செய்கிறேன் என்று யூவிடம் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. "ஜெயிச்சவ யாராச்சும் மறுபடி பந்தயம் கேப்பாளா?" என்று சிரித்தார். நாளை மறுநாள்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 18
பாங் அண்ணன் பொடி மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டார். "இங்கேருந்து ஒரு சிட்டிக வெளிய வராது, நீ ஆரம்பி!"

கண்ணாடிக் குவளையில் முதலில் வேகமாகக் கலக்கினேன், பிறகு மெதுவாக. ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. திடீரென்று, பால் திரிந்த மாதிரி, பழுப்புத் திப்பிகள்! விடுவிடுவென்று கீழே இறங்கின. யூ குவளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மறுபக்கம் அவர் விரல்ரேகை தெரிந்தது. வெள்ளிக்கிழமையைவிடத் தெளிவு!

"அப்போ அன்னிக்குக் கெடுத்ததே நான்தானா?" என்று மூட்டைமேல் இருந்தபடியே பாங் அண்ணன் அலறினார். யூ அவரைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். நான் மட்டும் அழுதேன், சந்தோஷத்தில்.

ஏப்ரல் 6
மூன்று தொட்டியிலும் இப்போது என் படைதான். தோஃபு கடைக்குப் போய் நீர் எடுத்துவருவது பாங் அண்ணன். மத்தியானம் விதை கொறிக்க அவர் உட்காருவது அதே பொடி மூட்டைமேல். அதை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.