மேற்குச் சுவர்

நவ. 5, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். ஸ்கூட்டியில் பெட்ரோல் போட மறந்து மூலக்குளம் வரை பாதி தூரம் தள்ளல்.

அஞ்சலையம்மா வீடு. ஆராய்ச்சிக்காக நான் பார்க்கும் மண் வீடுகளில் எனக்குப் பிடித்தது. போன வருஷம் மகன் முருகன் கல்யாணத்துக்காக மண் சுவர்மேல் சிமெண்ட் பூசினார்கள், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே ஊறுகிறது. மேற்குச் சுவரின் அடி உப்பி நிற்கிறது. பூச்சு பெயர்ந்த இடத்தில் விரல் வைத்தேன். களி மாதிரி உள்ளே போய்விட்டது.

சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அஞ்சலையம்மா மருமகள் கவிதாவின் வயிற்றைப் பார்த்தார். ஏழாம் மாதம்.

"புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல செவுத்த இடிக்கக் கூடாதும்மா. ஒரு ஆணி கூட அடிக்க வுட மாட்டேன்."

இந்த வழக்கத்தைப் பற்றிப் போன மாதம்தான் கட்டுரையில் ரொம்ப அழகாக எழுதினேன். எரிச்சல். என்மேலும்தான்.

வாங்க வேண்டியது: டார்ச் பேட்டரி, தலைவலி மாத்திரை.

நவ. 6, வியாழன்

ஆராய்ச்சி கைடிடம் சொன்னேன். நீ பார்க்கப் போனவள், கொத்தனார் வேலைக்குப் போனவள் இல்லை என்றார். சுவர் விழுந்தாலும் அவருக்கு ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம்.

பக்கத்து மேட்டுப்பாளையத்தில் முருகனின் கம்பெனி வாசல். டீ வாங்கித் தந்தான். அவனுக்கும் பயம் இருக்கிறது. ஞாயிறு வளைகாப்பு, முடிந்ததும் கவிதா தாய்வீடு போய்விடுவாள், திங்கள் காலை கொத்தனார் என்றான். விசேஷம் வாசல் பந்தலில்தானாம். அதுவரை தாங்குமா என்று கேட்டான். தாங்கும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? பாவம், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

நவ. 8, சனி

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. ரூம் முழுக்க ஈர நாற்றம்.

மாலை போனேன். உப்பல் இடுப்புயரம் வந்திருக்கிறது. தரையில் ஈர மண். கவிதா தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, செவுத்துக்குள்ள மண்ணு உதுர்ற சத்தம் கேக்குது. அத்தகிட்ட சொன்னா, நல்ல நாளும் அதுவுமா அப்டி பேசாதன்றாங்க."

இன்றைக்கே அவளை அனுப்பிவிடலாமே என்று அஞ்சலையம்மாவிடம் கெஞ்சினேன். வளையல் அடுக்காமல் அனுப்பினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். கெட்டவர் இல்லை. மருமகளுக்குப் பிடிக்கும் என்று எனக்கு முன்னாலேயே புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

நவ. 9, ஞாயிறு

விடிந்தும் லைட் போட வேண்டிய இருட்டு. பேய்க்காற்று. பச்சைப் புடவை. கவிதாவுக்குக் கண்ணாடி வளையல், பையில் வைத்தாயிற்று. ரெயின்கோட் கிழிசல்.

முருகன் போன். பின்னால் ஒரே பேச்சு, பெண்கள் சிரிப்பு. பந்தல் காற்றில் சாய்ந்துவிட்டதாம். எல்லாரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டார்களாம். எந்த ரூம் என்றேன்.

"பெரிய ரூம்தான் மேடம், வேற எங்க எடம்? கெழக்க பாத்து ஒக்காரணும்ல, கவிதாவுக்கு மேக்கால செவுத்தோரமா நாற்காலி போட்டுட்டோம். கொஞ்ச நேரந்தான். தாங்கும்னு நீங்கதான சொன்னீங்க."

வெளியே கூட்டி வா என்று கத்தினேன். லைன் போய்விட்டது.

மறுபடி அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. கவிதா நம்பரும் அப்படியே. கை நிறைய வளையல் அடுக்கும்போது எப்படி எடுப்பாள்?

ஸ்கூட்டி கிளம்பவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். கை சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

இன்னொரு தடவை அடித்தேன். மணியே போகவில்லை.

ஹார்ன். ஆட்டோ