பிரட்டுக் கொட்டகைச் சுவரும் சுரேந்திரன் கையும்

அன்பு மகன் சுதாகரனுக்கு அம்மா எழுதிக்கிறது. அந்த வெயில் தேசத்துல நீ ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு மாரியாத்தாவ நெனச்சுக்கிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். இங்க எல்லாரும் சொகம்னு எழுதத்தான் கை போகுது, ஆனா அது பொய்யாப் போயிரும், அதனால உசுரோட இருக்கோம்னு மட்டும் எழுதுறேன். மாவனல்லை ஷிஹாப் தம்பி லீவு முடிஞ்சு ஒங்க கம்பெனிக்கே திரும்பி வருது, அதுக்கிட்ட இதக் குடுத்து விடுறேன். போன்ல பேசுனா நீ கத்துற, நான் அழுகுறேன், ஒண்ணையும் முழுசா சொல்ல முடியல.

நீ பேஸ்புக்ல பாத்தது நான்தான். மண்ணு வெட்டுற பெக்கோ மெஷின் மேல ஏறி நின்னு ரப்பர் பால் வெட்டுற கத்தியால வெட்டுறது ஒன் அம்மாதான். வெட்டுப்பட்டது நம்ம சுரேந்திரன், ஒன்னோட ஒரே பெஞ்சில படிச்சவன், நம்ம லயத்துல மூணு வீட்டுக் காம்பரா தள்ளி இருக்கிறவன். ஆனா அந்த வீடியோவப் போட்டது கல்குவாரி முதலாளியோட ஆளுங்க, முன்னாடி நடந்ததெல்லாத்தையும் வெட்டிட்டு என் கத்திய மட்டும் போட்டிருக்கானுங்க. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், அதுக்கப்புறம் நீ யார ஏசணுமோ ஏசு.

நீ போன பொறகு நாங்க அந்தப் பழைய பிரட்டுக் கொட்டகையத் துப்புரவு செஞ்சதெல்லாம் ஒனக்குத் தெரியும், போட்டோ அனுப்புனேன். நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் விடிகாலையில வரிசையா நின்னு பேர் குடுத்த எடம், அதுக்குமேல அதப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது, ஆடு கட்டத்தான் வச்சிருந்தோம். கொடி படந்து கெடந்த பின்சுவர நானும் அப்பாவும் புள்ளமடுவத்துல கொழந்தைங்களப் பாத்துக்கிற பிரேமலதாவும் சேர்ந்து சுத்தம் செய்யுறப்பதான் கல்லுல எழுத்து தெரிஞ்சுச்சு. அப்பதான் பிரதேச செயலகத்துல வேல பாக்குற தருமலிங்கம் ஐயாவக் கூட்டியாந்து காட்டுனோம், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன். கம்பி பிரஷாலை தேய்க்க வேண்டாம் அக்கா, எழுத்துப் போயிடும், தண்ணியும் தேங்காய்த் தும்புமே காணும்னு சொல்லி அவரே சட்டையக் கழட்டி வச்சிட்டு ஒக்காந்து தேச்சாரு. நாலு ஞாயித்துக்கெழம ஆச்சு. மொத்தம் நாப்பத்தொரு பேரு. ஒரு மழக்காலத்துல வாந்திபேதியில செத்தவங்க, யாரோ ஒருத்தர் உளியால ஒவ்வொரு பேரா வெட்டி வச்சிருக்காரு. கருப்பாயி, அவ புள்ள ரெண்டு. முனியன். பேர் தெரியாத பொம்பள ஒண்ணுன்னுகூட ஒரு கல்லுல இருக்கு. தோட்டத்துப் புத்தகத்துல இதெல்லாம் எங்கயும் இல்லன்னு தருமலிங்கம் ஐயா தேடிப் பாத்துட்டு சொன்னாரு. பிரேமலதா அந்தப் பேர்களையெல்லாம் தாள்ல எழுதி புள்ளமடுவத்துச் செவுத்துல ஒட்டி வச்சா.

கீழ ரப்பர் மலய கல்குவாரி முதலாளி எடுத்ததும் வம்பு வந்துச்சு. லொறி போக ரோட்டு வெட்டணும், நேரா வெட்டுனா கொட்டகை குறுக்க நிக்கும். மொதல்ல எங்களுக்குப் புதுசா ஒரு ஹோல் கட்டித் தாறேன்னு சொன்னான். அப்பா வேணாம்னு சொன்னாரு. மறுநாள் நம்ம ஆட்டோட கழுத்த வெட்டி பட்டப்பகல்ல வாசப்படியில போட்டுட்டுப் போனானுங்க. அப்பா அத எடுத்துப் பொதைச்சிட்டுப் போய் கொட்டகைக்குக் கதவு வச்சாரு. தருமலிங்கம் ஐயா அங்க இங்க எழுதி, தொல்பொருள் அதிகாரிங்க வந்து பாக்குற வரைக்கும் யாரும் அந்த எடத்துல கை வைக்கக் கூடாதுன்னு கடிதம் வாங்கிட்டாரு. அது வியாழக்கெழம கைக்கு வந்துச்சு. சனிக்கெழம காலையில அவனுங்க வந்துட்டானுங்க.

நான் மேட்டு மலையில ரப்பர் பால் வெட்டிக்கிட்டிருந்தேன். பெக்கோ சத்தம் கேட்டுச்சு, ரோட்டுக்குத்தான்னு நெனச்சேன். பொறகு பிரேமலதா அலறுனது கேட்டுச்சு. வாளியப் போட்டுட்டு ஓடுனேன், கத்தி கையிலயே இருந்துச்சு, அதக் கொண்டு போகணும்னு நெனச்சு நான் கொண்டு போகல, இத நீ நம்பணும். நான் போறப்ப எட்டுப் பேர் நிக்கிறானுங்க, தெரியாத முகங்க, கையில இரும்புக் கம்பி. அயின் வெயன், அயின் வெயன், வெலகு வெலகுன்னு கத்துறானுங்க. அப்பா கதவுல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. கடிதம் இருக்கு, பொலிஸுக்குப் போன் அடிச்சாச்சுன்னு சிங்களத்துல பொறுமையாத்தான் சொன்னாரு. ஒருத்தன் அந்த நீட்டுன கையிலயே கம்பிய எறக்குனான். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு மகன், காஞ்ச கெளை ஒடையுற மாதிரி. ரெண்டாவது அடி தலையில. அப்பா உள்ளுக்கு விழுந்தாரு, ரத்தம் படியில வழியுது. பிரேமலதா குறுக்க போனா, அவ முடியப் புடிச்சு இழுத்து கல்லுல தள்ளுனானுங்க, முன்பல்லு ரெண்டு போயிருச்சு.

அப்பதான் பெக்கோ பின்சுவருல மோதுச்சு. அப்பா உள்ள கெடக்காரு, சுவர் அவரு பக்கம் சாயுது, மேல்வரிசக் கல்லெல்லாம் உள்ள விழுது. நான் மெஷினப் பாக்குறேன், உள்ள சுரேந்திரன், முதலாளிக்குக் கூலிக்கு அத ஓட்ட வந்திருந்தான். டேய் மாமா உள்ள கெடக்காருடான்னு கத்துனேன். அவன் என்னப் பாத்தான். எஞ்சின் சத்தத்துல அவனுக்குக் கேட்டுச்சா கேக்கலையா இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவன் கேக்கலன்னுதான் சொல்றான். மெஷினோட வாளி மறுபடியும் பின்னுக்குப் போயி மேல ஏறுச்சு. நான் மெஷின் படியில ஏறி லீவரப் புடிச்சிருந்த கையில வெட்டுனேன். அவன் கைய எடுத்துட்டான், மெஷின் நின்னுருச்சு. அங்கயே நானும் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல மகன். அவன் கைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு அத்தே, அத்தேன்னு கூப்புட்டான், நான் மறுபடியும் வெட்டுனேன். அந்த ரெண்டாவது வெட்டுலதான் நரம்பு போச்சு. வீடியோவுல இருக்கிறதும் அதுதான்.

ரத்தத்தப் பாத்ததும் அந்த எட்டுப் பேரும் வேன்ல ஏறி ஓடிட்டானுங்க, சுரேந்திரன விட்டுட்டு. ஒரே ஆட்டோவுலதான் அப்பாவையும் அவனையும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அப்பா தல என் மடியில, சுரேந்திரன் என் தோளுல சாஞ்சிருந்தான், அவன் கையச் சுத்தி நான்தான் என் சட்டையக் கிழிச்சுக் கட்டுனேன். அப்பாவுக்கு தலையில பதினாலு தையல், கையில ரெண்டு எடத்துல முறிவு. இப்ப வீட்டுல இருக்காரு, ஒக்காந்து சாப்புடுறாரு. சுரேந்திரனுக்கு ரெண்டு வெரல் இனி மடங்காதாம். நான் அவனப் பாக்கப் போனேன். துஷ்யந்தி கைக்குழந்தையோட வாசல்ல வந்து நின்னு மறிச்சா. கல்லுல எழுதுன பேருக்காக என் புருசன் கைய வெட்டிட்டீங்க, இனி எந்த மெஷின் அவருக்கு வேல குடுக்கும் அத்தே, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டா. பழத்த பெஞ்சில வச்சிட்டு வந்துட்டேன்.

பொலிஸ் கேட்டப்ப நான்தான் வெட்டுனேன்னு சொன்னேன். பதினொரு நாள் ஜெயில்ல இருந்தேன், பொறகு பிணையில விட்டாங்க, ஒனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் அப்பாக்கிட்ட சத்தியம் வாங்குனேன். சுரேந்திரனும் வாக்குமூலம் குடுத்திருக்கான். கடிதம் வந்துருச்சு, திங்களுக்கு முந்தி ஒடைச்சு முடின்னு முதலாளி தன்கிட்ட சொன்னத சொல்லியிருக்கான். நான் வெட்டுனதையும் சொல்லியிருக்கான். ரெண்டும் உண்மதான். முதலாளி மேல கேஸ் போட்டாச்சு, ரோட்டு வேல நின்னுருச்சு. அதிகாரிங்க வந்து விழுந்த கல்லுக்கெல்லாம் சோக்குக் கட்டியால நம்பர் போட்டாங்க. பொம்பளைங்க நாங்க இருபது பேர் சேர்ந்து தூக்கிக் குடுத்தோம். முப்பத்தாறு பேர் கெடச்சாங்க. அஞ்சு கல்லு மாவாப் போச்சு, அந்தப் பேருங்க இனி புள்ளமடுவத்துத் தாள்லதான் இருக்கு.

வாற மாசம் கேகாலையில என் வழக்கு. லோயர் என்ன சொல்றாருன்னா, புருசனக் காப்பாத்த வெட்டுனேன்னு சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டு வீசுனேன், எத்தன தடவன்னு தெரியலன்னு சொல்லுங்க, விட்டுருவாங்கங்கிறாரு. அப்பாவும் அதையே சொல்றாரு. நான் பல தடவ யோசிச்சுப் பாத்துட்டேன் மகன். மொத வெட்டு அப்பாவுக்காக, அதுக்கு நான் யாருக்கும் தல குனிய மாட்டேன். ரெண்டாவது வெட்டு வெட்டுறப்ப மெஷின் நின்னுருச்சு, அது எனக்குத் தெரியும், கண்ணு நல்லாத் தொறந்துதான் இருந்துச்சு. அத அப்படியேதான் கோட்டுல சொல்லப் போறேன். துஷ்யந்தி அங்க ஒக்காந்திருப்பா, அவ கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லப் போறேன்.

நீ வேலைய விட்டுட்டு ஓடி வராத. சுரேந்திரனப் பத்தி எங்கயும் ஒரு வார்த்த எழுதாத, ஒன் கூட்டாளிங்களையும் எழுத விடாத. மாரியாத்தா ஒன்னக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பா, நீ நூறு வருசம் நல்லா இருக்கணும் என் சாமி. நான் உள்ள போக வேண்டி வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழமையில அப்பாவுக்குக் கட்டாயம் போன் எடு. எடது காது அவருக்கு இப்ப கேக்கல, வலது பக்கம் வச்சுக்கச் சொல்லிட்டுப் பேசு.

இப்படிக்கு,
ஒன் அம்மா
இ. ஜெயம்மா