அப்பா தட்டில் வைத்துக் கொடுத்த மார்க் ஷீட்

காற்றாலைக் காற்றாடியின் உச்சிவரை ஏறத் தெரிந்தும் என்னிடம் மட்டும் தினமும் ஏமாந்த என் மாமாவுக்கு,

அங்கே சம்பளம் எப்படி, கை நிறையவா? இங்கே நீங்கள் வாங்கியதை நம்பாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். "ஐ.டி.ஐ. படிச்சவனுக்கு எப்படிலே மாடி வீடு? செங்கோட்டை வழியா கேரளாவுக்கு அரிசி கடத்துதான் போல" என்று திரிந்தாரே எதிர்வீட்டு அண்ணாச்சி, உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டிலும் அதையேதான் சொன்னார். அவர் பாயசத்தில் மட்டும் உப்பு விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள்.

உள்ளதைச் சொன்னால், சந்தேகம் எனக்கும் இருந்தது. உங்கள் பெட்டியைக் குடைந்தேன். இரண்டு வருட எலக்ட்ரீசியன் சான்றிதழ், உயரத்தில் வேலை பார்க்கப் பயிற்சி எடுத்த அட்டை, மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, ஒரு கட்டு சம்பளச் சீட்டு. ஒரு மணி அரிசிகூட இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், நானும் காற்றாலைக்குத்தான் போவேன் என்று.

அம்மா அழுதாள். "ஒருத்தன் போனது போதாதாட்டி?"

"மாமா காத்தாடில இருந்தா விழுந்தாரு? கட்டில்ல காய்ச்சலா கிடந்துதானே போனாரு. அப்போ இனிமே கட்டில்ல படுக்கக் கூடாதா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ, மாமா? இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அப்பாவுக்கு வேறு கவலை. "டிகிரி இல்லாம எப்படிட்டி?"

"தென்காசி வெயில்லயே நாப்பது டிகிரி இருக்குப்பா. எடுத்துக்கிடுவோம்."

ஆனால் பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று அவர் தனியாக ஒரு வேலை பார்த்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு நோட்டீஸ்: 'டிகிரி தேவையில்லை! மூன்றே மாதத்தில் காற்றாலை டெக்னீசியன்! கை நிறையச் சம்பளம்!' அப்பாவோ குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் மனிதர். அமுக்கிப் பார்க்காமல் ஒரு மங்குஸ்தான் வாங்க மாட்டார். அவர் என் பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் காசி விசுவநாதர் பாதத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு மங்குஸ்தானும் அடுக்கி, நல்ல நேரம் பார்த்து, தாம்பூலத் தட்டோடு அந்தப் பயிற்சி நிலையத்துக்காரரிடம் நீட்டிவிட்டு வந்தார். அசல் மார்க் ஷீட்டை, மாமா!

உங்களுக்கு இரண்டு வருடம் ஆன படிப்பு எனக்கு எப்படி மூன்றே மாதத்தில் முடியும்? கட்டணம் அப்புறம் கட்டலாமாம், அசல் மட்டும் உடனே வேண்டுமாம். ஏன்? விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து: பாதியில் விலகினால் முழுக் கட்டணமும் கட்டிய பிறகே அசல் மார்க் ஷீட் திருப்பித் தரப்படும்.

அரசு ஐ.டி.ஐ.யில் சேர நான்கு நாள்தான் இருந்தது. அசல் இல்லாமல் போனால் ஒரு வருடம் போச்சு.

"போய் வாங்கிட்டு வாங்கப்பா."

"சாமி பாதத்துல வச்சு, தட்டோட குடுத்தத திருப்பிக் கேட்டா வெளங்குமாட்டி?"

அவரை உட்கார வைத்துவிட்டு, நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். குரலைக் கொஞ்சம் முதிர்த்துக்கொண்டேன்.

"சார், கடையத்துல இருந்து பேசுதேன். எம் மவனச் சேக்கணும். காத்து இல்லாத மாசத்துல காத்தாடியக் கையால சுத்திவிடுத வேலை இருக்காம்லா, அதுக்குக் கோர்ஸ் உண்டுமா?"

அந்த ஆள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, மாமா. "இருக்குக்கா. ரெண்டே சீட்டுதான் பாக்கி. அசல் மார்க் ஷீட்டக் கொண்டுட்டு நாளைக்கே வந்திருங்க."

அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பார் என்று நினைத்தேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் இருவருமாகப் போனோம். "சார், எங்கப்பா அவசரத்துல ராகு காலத்துல குடுத்துட்டாரு. இன்னொருக்க சாமி பாதத்துல வச்சு எடுத்துட்டு வாரோம். என் கூட்டாளிக ரெண்டு பேரும் சேரணும்னு சொல்லுதாளுவ" என்றேன்.

இரண்டு பேர் என்றதும் அவர் பீரோவைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாக மார்க் ஷீட்டுகள். எத்தனை பேருடைய அப்பாமார் கொடுத்ததோ! என்னுடையதைத் தேடும் சாக்கில், மேலே இருந்த இரண்டு பெயரையும் பள்ளிக்கூடத்தையும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒருத்தி வீட்டுக்குத் தகவல் போய்விட்டது. இன்னொருவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மார்க் ஷீட் கைக்கு வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "மறுபடி கொண்டு வருவோம்னு பாத்துக்கிட்டு இராதேயும்" என்று வாசலில் நின்று சொன்னார். என் வேலையைக் கெடுக்கிறாரே என்று அவரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஐ.டி.ஐ.க்குப் போனோம். அங்கேயும் அசல் கேட்டார்கள். ஒரு முனையை மேசைக்காரர் பிடித்திருந்தார், மறுமுனையை அப்பா.

"அண்ணாச்சி, விடுங்க. சரிபாத்துட்டு இப்பவே தந்திருவோம்."

"நீங்க பாருங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா விடவே இல்லை. அப்படியேதான் பதிவெண்ணைப் பார்த்து எழுதினார் அந்த மனிதர். எலக்ட்ரீசியன் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது, மாமா. அப்பா இப்போது யாரையும் நம்புவதில்லை. அது நல்லதா கெட்டதா? எனக்குத் தெரியவில்லை.

அம்மா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. நேற்று மட்டும், "அந்தக் காத்தாடி எத்தன அடி உசரம்டி?" என்று கேட்டாள். குறைத்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உள்ளதையே சொன்னேன். வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அதனால் உங்களிடம் ஒரு வாக்கு. மேலே ஏறும் நாள் வந்தால், இடுப்புக் கொக்கியை யார் மாட்டிவிட்டாலும் நானே ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். எல்லாம் சரி என்று யார் சொன்னாலும் இழுத்துப் பார்ப்பேன். இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டு, "இறங்கிட்டேம்மா" என்பேன். ஊரில் எல்லோரிடமும் எல்லாவற்றிலும் விளையாடுவேன். அந்த ஒரு வார்த்தையில் மட்டும் விளையாட மாட்டேன்.

உங்கள் அக்கா பெற்ற வால்,
செண்பகம்