ஸஹ்ராவிடம் கேட்கச் சொன்னவை

வைலே
டென்மார்க், 24 ஜூலை 2021

என் அன்பு நிரோஜாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஓல்போர்க் போனபிறகு எங்களை மறந்தே போனாய். நான் இங்கே பெரும் பரபரப்பில் இருக்கிறேன். எங்கள் பெண்கள் வாசிப்பு வட்டத்தில் இம்முறை ஓர் ஆப்கான் நாவல். அறிமுக உரையை என் தலையில் கட்டிவிட்டார்கள்! இரண்டு தரம் வாசித்துவிட்டேன். கதை பிடிபடுகிறது, பின்னணிதான் பிடிபடவில்லை. நாயகி ஹசாரா இனத்தவள் என்பதற்காகவே பஷ்தூன்களான புகுந்த வீட்டார் ஏன் ஒதுக்குகிறார்கள்? சுன்னி, ஷியா என்றால் என்ன வித்தியாசம்? மட்டக்களப்பில் மாதா கோயில் மணிக்குச் சிலுவை போட்டு வளர்ந்த எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஸஹ்ரா காபூல்காரிதானே? கேட்டு எழுது. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவேன்.

அன்புடன்
செசிலியா அக்கா


ஓல்போர்க்
5 ஓகஸ்ட் 2021

அன்பின் அக்கா,

கேட்டேன். ஸஹ்ராவுக்கு ஒரே சந்தோஷம். தேநீர் இடைவேளை போதவில்லை, பஸ் தரிப்பிடம் வரை கதைத்துக்கொண்டே வந்தாள்.

அவளே ஹசாராதான். ஹசாராக்களில் பெரும்பாலோர் ஷியா, பேசுவது தாரி மொழி. பஷ்தூன்கள் பெரும்பாலும் சுன்னி. இரு பக்கமும் அதே குர்ஆன், அதே நோன்பு. தொழும்போது ஸஹ்ரா நெற்றி படும் இடத்தில் சின்ன மண்கட்டி ஒன்றை வைக்கிறாள், கர்பலா மண்ணாம். நபியின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட இடம் அது. அந்தத் துக்கநாள்தான் ஆஷூரா, இந்த மாதமே வருகிறது. அன்று சமைத்து அயலுக்கெல்லாம் கொடுப்பார்களாம்.

பிறகு அவள் கேட்டாள், "உங்கட ஆக்களும் ஆளை எடைபோட எந்த ஊர் எண்டு கேப்பினமோ?"

"ஓம், பேரைக் கேக்க முதல் அதைத்தான் கேப்பினம்" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டுவிட்டோம்.

காபூலில் டென்மார்க் தூதரகத்தில் வேலை செய்யும் தங்கை மசூமாவிடம் மிச்சத்தைக் கேட்டுச் சொல்வாளாம்.

அன்புள்ள
நிரோஜா


வைலே
16 ஓகஸ்ட் 2021

என் தங்கமே நிரோஜா,

பார்த்தாயா, நேற்றுக் காபூல் விழுந்துவிட்டது! இரவு முழுக்க டிவிக்கு முன்னால்தான். கூட்டத்தை இந்தச் சனிக்கிழமைக்கே மாற்றிவிட்டேன். டெனிஷ் பத்திரிகைக்காரர் ஒருவரும் வருகிறார். நூலகத்தில் பெரிய மண்டபம் தருகிறார்கள்! ஸஹ்ராவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா. நேரில் ஓர் ஆப்கான் பெண் பேசினால் எப்படி இருக்கும்! இப்படியொரு சந்தர்ப்பம் இனி வராது.

அவசரத்துடன்
செசிலியா அக்கா


ஓல்போர்க்
19 ஓகஸ்ட் 2021

செசிலியா அக்கா,

இன்று ஆஷூரா. ஸஹ்ரா கறுப்பு உடுப்போடு வேலைக்கு வந்தாள், சமைக்கவில்லை. மசூமா கைக்குழந்தையோடு காபூல் விமான நிலைய வாசலில் சனத்துக்குள் நிற்கிறாள். போன் அடித்தால் சிலவேளை எடுக்கிறாள்.

2009 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் வேலை செய்த மீன் தொழிற்சாலையில் ஒரு டெனிஷ்காரி, "உங்கட சண்டை முடிஞ்சுதாமே, இடைவேளைக்கு எங்களுக்குச் சொல்லுங்கோவன்" என்று ஆசையாகக் கேட்டாள். நீங்கள் கையுறையைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டினீர்கள். அப்போது உங்கள் தம்பியின் செய்தி ஒன்றும் இல்லை. வெளியே நின்றது நான்.

ஸஹ்ரா வரமாட்டாள். நானும் வரமாட்டேன். இனி எனக்கு எழுதவேண்டாம்.

நிரோஜா


வைலே
26 செப்டெம்பர் 2021

நிரோஜா,

எழுதவேண்டாம் என்றாய், இவ்வளவு நாளும் கேட்டு நடந்தேன். உன் கடிதம் கிடைத்த அன்றே கூட்டத்தை நிறுத்தினேன், பத்திரிகைக்காரரையும் வரவேண்டாம் என்றேன். நேற்றுத்தான் நாங்கள் எட்டுப் பேர் நூலகத்தின் சின்ன அறையில் சத்தமில்லாமல் கூடினோம். நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உரையைத் தொடங்கி இரண்டு வசனம் போயிருக்காது, கதவு திறந்தது. ஸஹ்ரா! பக்கத்தில் மெலிந்த ஒரு பெண், மசூமா! விமானம் ஏறிவிட்டாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் இருக்கும் அகதி முகாம் வைலேக்குக் கிட்டவாம். தமிழ்ப் பெண்கள் எங்களைப் பற்றி வாசிக்கிறார்கள் என்று ஸஹ்ரா சொல்லியிருக்கிறாள், மசூமாதான் நூலகத்தில் நாளை விசாரித்து, பிடிவாதமாகக் கூட்டிவரச் சொன்னாளாம்.

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். போரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று கண்ணைக் காட்டினேன். எங்கள் வட்டத்து மேரிசெலின் மட்டும் பொறுக்கமாட்டாமல், "பிள்ளை எங்கை?" என்று கேட்டாள். மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

மசூமா யன்னலைக் காட்டினாள். "வெளியிலை தள்ளுவண்டிலுக்குள்ளை நித்திரை. டெனிஷ்காரர் அப்பிடித்தானே விடுறவை?"

எட்டுப் பேரும் யன்னலுக்கு ஓடினோம். நீ பார்த்திருக்கவேண்டும்!

பிறகு மசூமா நாவலோடு சண்டை பிடிக்கத் தொடங்கினாள். அந்த நாயகி மாமியாரிடம் வாய் திறக்காமல் இருப்பது சுத்தப் பொய்யாம். "எங்கட வீட்டிலை எண்டால் கூரை பறந்திருக்கும்!" ஸஹ்ராவால் டெனிஷில் சொல்லி முடிக்கவே இயலவில்லை, அவ்வளவு வேகம். நான் தமிழில் சொல்வதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

போகும்போது மசூமா என் கையைப் பிடித்தாள். தான் விமான நிலையத்தில் நின்ற அந்த நாட்களில் ஸஹ்ராவோடு இரவு பகலாக இருந்தது நிரோஜாதானாம்.

"அவ உங்கட சிநேகிதியோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று சொல்லிவிட்டேன், நிரோஜா. அதைப் பொய்யாக்கிவிடாதே.

உன்
செசிலியா